குடிநீர்க் குழாயும் நம் வீட்டுத் தோட்டமும்

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் ஓர் ஆணை பிறப்பித்தது. குடிநீரைத் தோட்டத்திற்குப் பாய்ச்சுவதும் அதைக் கொண்டு வாகனம் கழுவுவதும் கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். "காசு கொடுத்துப் பெறும் தண்ணீரை என் செடிக்கு ஊற்றுவதை எவர் தடுப்பது?" என்னும் கேள்வி நம்மிடையேயும் உண்டு. வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வாழும் நாம் இதைக் கேட்கலாமா?

மதீனாவின் ஹர்ரா வாய்க்கால் நீர் பற்றி ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரித் தோழருக்கும் வழக்கு எழுந்தது. பேரீச்சந்தோப்புக்குப் பாயும் நீர் முதலில் ஸுபைரின் நிலத்திற்கே வந்தது. பாய்ச்சிக்கொண்டு அண்டை நிலத்தாருக்குத் திறந்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அன்ஸாரி அதை ஏற்காதபோது ஸுபைருக்கு முழு உரிமையையும் வழங்கினார்கள். அம்முழு உரிமைக்கும் ஓர் எல்லை இருந்தது: நீர் வரப்பை எட்டும் வரை. அதற்கு மேல் அது அடுத்தவருடையது.

தோட்டத்து நீருக்கு எல்லை வகுப்பது நேற்று வந்த அரசாங்கக் கெடுபிடி அன்று என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

குடிநீர்க் குழாயில் மின்மோட்டார் பொருத்தி உறிஞ்சுவதைச் சட்டம் தடுக்கிறது. அதைச் செய்பவர் கடைசித் தெருவின் குடத்தைக் காலியாக்குகிறார். பட்டாசு ஆலையில் நாள் முழுதும் வேலை செய்து, கையில் மருந்துத் தூளோடு வீடு திரும்பும் சகோதரிக்குக் குளிக்கவும் நீரில்லை. நம் வாசற் புல்வெளி மட்டும் பசுமையாக இருக்கிறது. இது மார்க்கமா?

"மரம் நடுவது ஸதகா அல்லவா?" என்பார்கள். ஆம், ஸதகாதான். ஆனால் பிறர் உரிமையை எடுத்து ஸதகா செய்ய முடியாது. "என் சொந்த ஆழ்துளைக் கிணறு" என்பாருக்கும் விடை உண்டு: தண்ணீரில் மக்கள் யாவரும் பங்காளிகள் என்பது நபிமொழியின் கருத்து. நிலத்தடி நீர் நம் மதிற்சுவரோடு நிற்பதில்லை.

செடிகள் வாடவேண்டியதில்லை. உளூச் செய்த நீரால் மீண்டும் உளூச் செய்ய இயலாது. ஆயினும் அது சுத்தமானதே. பள்ளிவாசல்களில் அது நாள்தோறும் ஐவேளையும் சாக்கடைக்குப் போகிறது. அதை ஒரு வாய்க்கால் வெட்டித் தென்னைக்குத் திருப்ப ஜமாஅத்தார் முன்வரட்டும். அரிசி களைந்த நீரை இல்லத்தரசிகள் செடிக்கு ஊற்றட்டும்.

ஒரு முத்து, அதாவது இரு கைகள் சேர்ந்து அள்ளும் அளவு நீரில் உளூச் செய்த நபியின் உம்மத் நாம். குழாயை மூடுவதற்கு அபராதச் சீட்டு வரும்வரை காத்திருப்பது நமக்கு இழுக்கு.