டாஸ்மாக்கில் நிற்காத கால், ஸ்காட்லாந்தில் ஏன் நிற்கிறது?



உங்கள் ஊரில் டாஸ்மாக் கடை இருக்கும் தெரு வழியாகப் போக நேர்ந்தால் என்ன செய்கிறீர்கள்? முகத்தைத் திருப்பிக் கொள்கிறீர்கள். அந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தக் கூடக் கூசுகிறீர்கள். மஹல்லாவாசி எவராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார் என்று அஞ்சுகிறீர்கள். நல்லது! அந்த வெட்கம் ஈமானின் ஒரு பகுதி. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் அதே நீங்கள், வேலைக்கோ வியாபாரத்துக்கோ லண்டன் போனதும், நான்கு நண்பர்கள் சேர்ந்து கார் எடுத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் விஸ்கி ஆலைகளைச் சுற்றிவரத் திட்டம் போடுகிறீர்களே, அது எப்படி? இங்கே சாராயம் என்றால் அசிங்கம், அங்கே விஸ்கி என்றால் சுற்றுலாவா? வெட்கத்துக்கும் விசா உண்டா?

திட்டம் என்ன?

லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஏறக்குறைய 650 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே ஸ்பே நதிப் பள்ளத்தாக்கு. ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கி ஆலைகளில் ஏறத்தாழப் பாதி அந்த ஒரு வட்டாரத்தில்தான். 1824 இல் உரிமம் பெற்ற கிளென்லிவெட், டஃப்டவுன் ஊரில் 1887 இல் வடிக்கத் தொடங்கிய கிளென்ஃபிடிக் என்று வரிசையாகப் பார்ப்பது. பிறகு மேற்கே ஸ்கை தீவில் டாலிஸ்கர். அங்கிருந்து தெற்கே இறங்கி, கென்னகிரெய்க் துறையில் காரோடு கப்பலேறி இரண்டு மணி நேரப் பயணத்தில் ஐலா தீவு. அங்கே புகை வாசம் வீசும் விஸ்கிக்குப் பேர்போன ஆலைகள்.

பார்லியை ஊற வைத்து, முளைக்க வைத்து, பீட் என்னும் சதுப்பு நிலக் கரிமண்ணின் புகையில் உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் கரைத்து, புளிக்க வைத்து, செப்புக் கொப்பரையில் இரண்டு முறை வடித்து, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஊறப் போடுவதை வழிகாட்டி விளக்குவார். கடைசியில் ஒரு அறைக்கு அழைத்துப் போய் ஆளுக்கொரு கிண்ணத்தை நீட்டுவார். இதுதான் அந்தச் சுற்றுலா. இதற்குத்தான் பவுண்டில் கட்டணம்.

'பார்க்கத்தானே போகிறோம்?'

"நாங்கள் குடிக்க மாட்டோம் ஹஜ்ரத்! சும்மா பார்க்கத்தானே போகிறோம்?" என்று கேட்கிறீர்கள். நீங்கள் குடிக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன். ஆனால் கணக்குப் பார்ப்போம், வாருங்கள். நீங்கள் வியாபாரிகள், கணக்கு உங்களுக்குப் புதிதல்ல.

மது விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் சாபமிட்டது குடிப்பவனை மட்டும் அல்ல, பத்துப் பேரை! பிழிபவன், பிழியச் சொல்பவன், குடிப்பவன், சுமப்பவன், யாரிடம் சுமந்து செல்லப்படுகிறதோ அவன், ஊற்றிக் கொடுப்பவன், விற்பவன், விற்ற காசைத் தின்பவன், வாங்குபவன், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவன். திர்மிதீயில் பதிவான ஹதீஸின் கருத்து இது.

இப்போது உங்கள் காரில் இருக்கும் நால்வரையும் இந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான ஆலைகளில் நுழைவுக் கட்டணத்திலேயே அந்தக் கிண்ணத்தின் விலையும் அடக்கம். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நீங்கள் அதற்குக் காசு கொடுத்துவிட்டீர்கள். ஆக, சீட்டு எடுத்தவர் வாங்குபவர். அவர் யாருக்காக எடுத்தாரோ அவர்கள் 'யாருக்காக வாங்கப்பட்டதோ' அந்த வரிசையில்.

ஓட்டுபவர்? அவர் கதை இன்னும் சுவையானது. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் 5 முதல், வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முன்பு 80 ஆக இருந்ததைக் குறைத்தார்கள். அதனால் பல ஆலைகளில் ஓட்டுநருக்கு ஊற்றிக் கொடுப்பதில்லை. அவர் பங்கைச் சின்னக் குப்பியில் அடைத்து, "அறைக்குப் போய்ப் பருகுங்கள்" என்று கையில் தருகிறார்கள். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருபவர் யார்? சுமப்பவர்! 'சும்மா பார்க்கப் போன' பயணத்தில், பத்தில் மூன்று இடங்களை ஒரே மாலையில் நிரப்பிவிட்டீர்களே!

இதில் இன்னொன்றையும் யோசியுங்கள். விஸ்கியைத் தன் நாட்டின் பெருமை என்று உலகெங்கும் விற்கும் தேசமே, "இதைக் குடித்தவன் கையில் காரைக் கொடுக்காதே" என்று சட்டம் போடுகிறது. நான்கு பேர் உயிரோடு ஊர் திரும்பவே குடிக்காத ஒருவன் தேவை. அந்தக் குடிக்காத ஒருவனாக இருக்கச் சொல்லித்தான் இஸ்லாம் நம் அனைவரையும் அழைக்கிறது.

மது சுற்றி வரும் விருந்து மேசையில் அமர வேண்டாம் என்று, அல்லாஹ்வையும் மறுமையையும் நம்புவோருக்குப் பெருமானார் (ஸல்) அறிவுறுத்தியிருக்கிறார்கள். குடிப்பதற்கு மட்டுமல்ல, உட்காருவதற்கே தடை! ஆலையின் ருசி பார்க்கும் அறை மது சுற்றி வரும் சபை இல்லையென்றால் வேறென்ன?

அறிவுப் பயணமா?

"பூமியில் பயணம் செய்யச் சொல்லிக் குர்ஆனே கூறுகிறதே!" என்பார் சிலர். ஆம், கூறுகிறது. எதற்காக? உண்மையை மறுத்து வாழ்ந்த சமூகங்களின் முடிவு என்ன ஆனது என்று பார்த்துப் படிப்பினை பெறுவதற்காக! அவர்களின் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று படமெடுப்பதற்காக அல்ல.

"வடிக்கும் கலையே நம் முன்னோர் வளர்த்ததுதானே?" என்பார் வேறு சிலர். வடிகலத்துக்கு மேலைநாட்டார் சொல்லும் அலெம்பிக் என்ற பெயர் 'அல் அன்பீக்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது உண்மை. ஆல்கஹால் என்ற சொல்லும் கண்ணுக்கு இடும் சுர்மாவைக் குறிக்கும் 'அல் குஹ்ல்' என்பதிலிருந்து பிறந்ததே. ஆனால் நம் முன்னோர் அந்தக் கலையால் எதைப் பெருக்கினார்கள்? அல் கிந்தி நறுமணப் பொருட்களை வடிக்கும் முறை பற்றி நூல் எழுதினார். பன்னீரும் அத்தரும் அந்தக் கலையின் ஹலாலான குழந்தைகள். இன்றும் கன்னோஜில் செப்புக் கலத்தில் பூக்களை இட்டு அத்தர் வடிக்கிறார்கள். ஒரே நெருப்பு, ஒரே ஆவி! ஒன்று ஜும்ஆவுக்குப் போகும் சட்டையை மணக்க வைக்கிறது. மற்றொன்று அந்தச் சட்டைக்காரனைச் சாக்கடையில் தள்ளுகிறது. கலையைப் பார்க்க ஆசையென்றால் கன்னோஜுக்குப் போங்கள்!

வியாபார மரியாதையா?

வணிகப் பெருமக்களே! "வெள்ளைக்கார வாடிக்கையாளர் அழைக்கிறார், மறுத்தால் ஆர்டர் போய்விடும்" என்று சொல்லாதீர்கள். மது தடை செய்யப்பட்டது தெரியாமல் ஒருவர் ஒரு தோல்பை நிறைய மதுவை நபி (ஸல்) அவர்களுக்கே அன்பளிப்பாகக் கொண்டு வந்தார். தடையை அறிந்ததும், அதை விற்றுவிடலாமே என்று பேச்சு எழுந்தது. குடிப்பதைத் தடுத்தவனே விற்பதையும் தடுத்துவிட்டான் என்று பெருமானார் (ஸல்) விளக்க, அவர் பையைத் திறந்து அத்தனையையும் கொட்டிவிட்டார். நஷ்டம்தான்! ஆனால் ஸஹீஹ் முஸ்லிமில் அந்தச் செய்தி இன்றைக்கும் வாசிக்கப்படுகிறதே, எந்த லாபத்துக்கு அப்படியொரு கணக்குப் புத்தகம் கிடைக்கும்?

டிராவல்ஸ் நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. "நாங்கள் டிக்கெட்தான் போடுகிறோம்" என்று ஒதுங்க முடியாது. ஆலைச் சீட்டை வாங்கிக் கொடுத்துக் கமிஷன் எடுத்தால், விற்ற காசைத் தின்பவர் யார் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

சந்தை எங்கே விரிகிறது என்பதையும் கவனியுங்கள். 2022 இல் மட்டும் 21 கோடியே 90 லட்சம் பாட்டில் ஸ்காட்ச் இந்தியாவுக்கு வந்தது. அளவில் பிரான்சையும் தாண்டி நம் நாடு முதலிடம் பிடித்தது. 2025 ஜூலை 24 இல் கையெழுத்தான இந்திய, பிரிட்டிஷ் வணிக ஒப்பந்தத்தில் விஸ்கி மீதான 150 சதவீத இறக்குமதி வரியை முதலில் 75 ஆகவும், பத்தாண்டுகளில் 40 ஆகவும் குறைக்க இசைந்திருக்கிறார்கள். அவர்களின் குறி நம் பிள்ளைகள்! நாமோ குறி வைப்பவன் வீட்டுக்கே போய்ச் சீட்டு வாங்கிப் பார்க்கிறோம்.

அந்த நாட்டின் கண்ணீர்

விஸ்கி என்ற சொல்லுக்கு அவர்களின் பழைய கேலிக் மொழியில் 'உயிர் நீர்' என்று பொருள். அந்த உயிர் நீர் என்ன செய்கிறது? ஏறத்தாழ 55 லட்சம் மக்கள் வாழும் ஸ்காட்லாந்தில் 2023 ஆம் ஆண்டில் மட்டும் மதுவையே நேர்க்காரணமாகக் கொண்டு இறந்தவர்கள் 1,277 பேர். இதை எந்த ஆலை வழிகாட்டியாவது சொல்வாரா?

மது மலிவாகக் கிடைக்கக் கூடாது என்று அந்நாட்டுப் பாராளுமன்றம் 2012 இல் குறைந்தபட்ச விலைச் சட்டம் கொண்டு வந்தது. ஸ்காட்ச் விஸ்கி உற்பத்தியாளர் சங்கம் நீதிமன்றம் போனது. 2017 நவம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் வழக்கைத் தள்ளுபடி செய்த பிறகே, 2018 மே 1 முதல் சட்டம் நடப்புக்கு வந்தது. ஆறு ஆண்டுகள்! அந்நாட்டு மக்கள் மீது நமக்குப் பகையில்லை. அங்கும் தாய்மார் அழுகிறார்கள். அங்கும் நல்லோர் போராடுகிறார்கள். நாம் யார் பக்கம்? போராடுபவர் பக்கமா, சீட்டு விற்பவர் பக்கமா?

போக நல்ல பாதை உண்டு

பயணத்தையே விடுங்கள் என்று சொல்லவில்லை. லண்டனுக்கு அருகே வோக்கிங்கில் 1889 இல் கட்டப்பட்ட ஷாஜஹான் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுக் கிளம்புங்கள். கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் மத்தியப் பள்ளிவாசல்கள் உண்டு. மலையும் ஏரியும் அல்லாஹ்வின் படைப்பு. கண் குளிரப் பாருங்கள். இன்னும் வடமேற்கே அலப்பூல் துறையில் கப்பலேறினால் லூயிஸ் தீவின் ஸ்டார்னவே. துணி மூட்டை சுமந்து வீடு வீடாக விற்க வந்த முஸ்லிம் வணிகர்கள் வேர் பிடித்த ஊர் அது. 2018 மே மாதம் அங்கே பள்ளிவாசல் திறக்கப்பட்டது. வணிகனாகப் போய் இறையில்லத்துக்கு வித்திட்டவர்களின் தடத்தைப் பார்க்கப் போனால், அதுவல்லவா வியாபாரிக்கு ஏற்ற சுற்றுலா!

சகோதரனே! மது ஹராமானது என்ற அறிவிப்பு மதீனாவின் தெருவில் கேட்டபோது, கையில் கிண்ணம் இருந்தவர்கள் "இந்த ஒன்றை மட்டும் முடித்துக்கொள்கிறோம்" என்று சொல்லவில்லை. ஜாடிகள் கவிழ்ந்தன, தெருவில் மது ஓடியது. அந்த உம்மத்தின் வாரிசு நீ! மதுக்கடையை மூடு என்று நம் தாய்மார்களோடு வீதியில் நின்று குரல் கொடுக்கும் நாளில், உன் கைப்பேசியில் விஸ்கிப் பீப்பாயோடு நீ நிற்கும் படம் இருந்தால், உன் முழக்கத்தை யார் நம்புவார்?

சீட்டு எடுத்திருந்தால் ரத்து செய்! எடுக்கவில்லையென்றால் பாதையை மாற்று! வல்ல அல்லாஹ் நம் கால்களை நேர்வழியில் உறுதிப்படுத்துவானாக! ஆமீன்.