வெட்கம் நோயை மறைக்கலாமா?



சிறுநீரில் இரத்தம் கண்டால் நம் பெண்களில் பலர் அதை ஹைழின் மீதி என்றோ, உடற்சூடு என்றோ எண்ணி விட்டுவிடுகிறார்கள். வலி இல்லையே என்ற தைரியம் வேறு. இரண்டு நாளில் இரத்தம் தானாக நின்றும் விடும். ஆனால் நோய் நின்றுவிட்டதென்று அதற்குப் பொருளல்ல.

பெரும்பாலும் கிருமித் தொற்றோ கல்லோதான் காரணம். சிலருக்கோ அது புற்றுநோயின் முதல் அடையாளம். சிறுநீரகத்தின் உட்குழியிலும், அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயிலும் உண்டாகும் புற்றுநோய் அரிதானது. ஆகவே எளிதில் தப்பிவிடுகிறது. புகைத்தல் இதற்கு முக்கிய காரணம். ஈஸ்வரமூலி இனச் செடிகளிலுள்ள நஞ்சும் ஒரு காரணம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. பின்னர் சிலருக்கு இப்புற்றுநோயும் வந்தது.

இதைக் காட்டித் தருவது சி.டி. ஸ்கேன். நரம்பில் ஒரு மருந்தை ஏற்றிப் படமெடுப்பார்கள். சில நிமிடங்களில் மருந்து சிறுநீரோடு கலந்து குழாயை நிரப்பும். அப்போது மீண்டும் எடுக்கும் படத்தில், கட்டி உள்ள இடம் மட்டும் நிரம்பாமல் தெரியும்.

நோய் குழாய்ச் சுவரைத் தாண்டிக் கொழுப்புக்குள் போய்விட்டதா, நெறிக்கட்டி, ஈரல், நுரையீரலுக்குப் பரவியதா என்பதையும் ஸ்கேன் பெரும்பாலும் சொல்லும். சுவருக்குள்ளேயே எவ்வளவு ஆழம் என்பதை மட்டும் அது திட்டமாகச் சொல்லாது. கட்டியின் வீரியத்தை அறியக் குழாய்வழிக் கருவியை உட்செலுத்திப் பார்த்துச் சதைத் துணுக்கு எடுப்பார்கள். இந்தக் கணக்கை வைத்தே சிகிச்சை முடிவாகும். ஆரம்பத்தில், வீரியம் குறைந்த சிறு கட்டியென்றால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வழியுண்டு. ஆழமாகிவிட்டால் சிறுநீரகத்தையும் குழாயையும் சேர்த்தே அகற்ற நேரும்.

ஸ்கேனுக்கு முன் நீரிழிவு மாத்திரை, ஆஸ்துமா, ஒவ்வாமை, கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு எதுவானாலும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

வட்டவளையின் அடைமழையில், கடையைப் பூட்டிவிட்டுக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருவது ஒரு நாள் பாடுதான். அந்த ஒரு நாளுக்கு அஞ்சி மாதங்களை இழக்கலாமா?

அன்சாரிப் பெண்களை மார்க்கம் கற்பதிலிருந்து வெட்கம் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். மார்க்கத்தையே கேட்க வெட்கம் தடையில்லை என்றால், நோயைச் சொல்ல ஏன் தடையாக வேண்டும்? பெண் வைத்தியர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள்; இல்லையேல் கணவரையோ சகோதரரையோ அழைத்துக்கொண்டு செல்லுங்கள். இரத்தத்தைக் கண்ட வாரத்திலேயே செல்லுங்கள்.