இலவசக் கப்பலும் மலிவு மளிகையும்

இணையத்தின் மூலம் மளிகை வாங்கும் வழக்கம் பெருநகரங்களைத் தாண்டி நமது ஜில்லா நகரங்களுக்கும் வந்துவிட்டது. கைப்பேசியில் சொன்னால் அரிசியும் பருப்பும் வாசலுக்கு வருகின்றன. பல சமயம் கடை விலையிலும் குறைவாகவே வருகின்றன. வயோதிகர்களுக்கும் வேலைக்குச் செல்லும் ஸ்திரீகளுக்கும் இது பெரிய சௌகரியம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் கடமை, மற்றெந்த ஊராரையும்விடத் தூத்துக்குடிவாசிகளுக்கு அதிகம் உண்டு.

1906-ல் ரூ. 10 லக்ஷம் மூலதனம் குறித்து, பங்கு ஒன்று ரூ. 25 வீதம், சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை ஸ்தாபித்தார். 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி என்ன செய்தது? முதலில் கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்ள முன்வந்து, குடையும் இனாம் என்றது. இந்தக் கட்டணப் போரும், 1908-ல் தலைவரைச் சிறையிலிட்ட அடக்குமுறையும் சேர்ந்து, 1911-ல் சுதேசிக் கம்பெனியைக் கலைத்தன.

இன்றைய வியாபாரிகளை அன்றைய ஏகாதிபத்தியத்துடன் நாம் ஒப்பிடவில்லை. ஆனால் உபாயம் ஒன்றே. 2018-ல் அமெரிக்க வால்மார்ட் சுமார் 1,600 கோடி டாலர் கொடுத்துப் பிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்குகளை வாங்கிற்று. அதிவேக மளிகைக் கம்பெனிகளில் பல, ஆண்டுக்காண்டு நஷ்டம் காட்டிக்கொண்டே பரவின. நஷ்டத்தைத் தாங்கும் மூலதனம் ஒரு பக்கம். மாதக் கணக்கு எழுதிச் சாமான் கொடுக்கும் தெருமுனைக் கடைக்காரர் மறுபக்கம். இது சமமான போட்டியா?

சட்டம் இல்லாமலில்லை. 2002-ம் வருஷத்துப் போட்டிச் சட்டத்தின் 4-வது பிரிவு, போட்டியாளரை ஒழிப்பதற்காக அடக்க விலைக்குக் கீழே விற்பதைத் தடுக்கிறது. ஆனால் சந்தையில் ஆதிக்கம் பெற்றவரையே அது தொடும். மூன்று நான்கு கம்பெனிகள் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டால் எவர்மீது ஆதிக்கத்தை ருஜுப்பிப்பது? அன்னிய முதலீடு பெற்ற இணையச் சந்தைகள் நேராகவோ மறைவாகவோ விலையை நிர்ணயிக்கலாகாது என்ற விதியும் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. விதி மட்டும் போதாது என்பதற்கு இந்தோனேசியா சாட்சி. அங்கே 2023 செப்டம்பரில் சமூக வலைத்தளங்களுக்குள் விற்பனை தடுக்கப்பட்டது. டிசம்பரிலேயே டிக்டாக், டோகோபீடியாவின் பெரும்பங்கை வாங்கி மறுவழியில் திரும்பிற்று.

ஆகவே சர்க்கார் ஆதிக்கம் என்பதன் இலக்கணத்தை விரித்துச் சட்டத்தைத் திருத்த வேண்டும். கடைக்காரர்களும் வெறுமனே புலம்புவதில் பயனில்லை. சரியான எடை, நியாய விலை, வீடு தேடிக் கொடுத்தல் ஆகியவற்றை அவர்கள் மேற்கொள்ள வேண்டும். ஒன்றுகூடிக் கொள்முதல் செய்ய வேண்டும். எவரும் சேரத்தக்க ஓ.என்.டி.சி. என்னும் பொது இணைய அமைப்பையும் உபயோகிக்க வேண்டும். 1908-ல் பிள்ளையவர்கள் கோரல் மில் தொழிலாளருக்காகப் போராடிய ஊர் இது. பொட்டலம் சுமந்தோடும் இளைஞர்களின் கூலியையும் பாதுகாப்பையும் இவ்வூர் மறக்கலாகாது. அவர்களுக்கென 2023-ல் தமிழ்நாட்டில் அமைந்த நல வாரியம் பெயரளவில் நின்றுவிடக் கூடாது.

வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. இனாமாக வந்த குடைக்கு விலை கொடுத்தவர் யார் என்பதை, 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகமே நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.