தடுக்கியது காலா, தரையா?

"பார்த்து நடக்கக் கூடாதா?"

கீழே விழுந்தவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி இது. சென்ற மழைக்காலத்தில் நானும் கேட்டேன். கேட்டது என் அத்தையிடம். ஊரிலே புல்லுக்கட்டைச் சுமந்து வரப்பில் நடந்து பழகியவர். இங்கே மும்பையில், எங்கள் தெருமுனை நடைபாதையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு சிமெண்டுக் கல்லில் கால் வைத்தார். கல் ஒரு பக்கம் சாய்ந்தது, அத்தை மறு பக்கம் சாய்ந்தார். மணிக்கட்டு முறிந்தது.

"வரப்புல விழாதவ இங்க விழுந்தேம்னா, கோளாறு என் கால்லயாய்யா இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது.

நடையை அளக்க முடியும். ஒரு கால் தரையைத் தொட்டு, அதே கால் மீண்டும் தொட ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். உறுதியான நடையில் இந்த நேரம் அதிகம் மாறாது. 2001-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், 70 வயதைக் கடந்த 52 பேரின் செருப்புக்குள் உணர்கருவி வைத்து ஆறு நிமிடம் நடக்கவிட்டு அளந்தார்கள். பிறகு ஓராண்டு கவனித்தார்கள். விழாதவர்களின் நடையில் இந்த நேரம் விநாடியின் ஆயிரத்தில் 49 பங்கு அளவே முன்பின்னாக இருந்தது. விழுந்தவர்களுக்கோ 106 பங்கு! நடையின் வேகம் இந்த வேறுபாட்டைக் காட்டவில்லை. நடையின் ஒழுங்குதான் காட்டியது.

சரி, அந்த ஒழுங்கு காலை மட்டுமா பொறுத்தது? இல்லை. 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், இரண்டரை சென்டிமீட்டர் வரை ஏற்ற இறக்கம் உள்ள தளத்தில் நல்ல உடல்நலம் உள்ள இளைஞர்களை நடக்க வைத்தார்கள். அவர்கள் எட்டு வைப்பதும் ஒழுங்கு குலைந்தது. நடக்கச் செலவாகும் சக்தியும் சுமார் 28 சதவீதம் கூடியது. இரண்டரை சென்டிமீட்டர் என்பது நம் நடைபாதையில் ஒரு கல் பெயர்ந்து நிற்கும் உயரம்தான்! பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பும் தொழிலாளி, ஒவ்வோர் அடியிலும் இந்த அபராதத்தைக் கட்டுகிறான்.

ரயில்வேயில் எனக்குத் தெரிந்த கதை ஒன்று. தண்டவாளத்தின் அடியில் கொட்டும் கருங்கல் ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். ரயிலைத் தாங்க அது வேண்டும். ஆனால் தினமும் தன் எல்லை முழுவதும் நடந்து பார்க்கும் கீமேனின் கணுக்காலுக்கு அது எதிரி. பெரிய ஜல்லியில் நடக்கும்போது கணுக்கால் பக்கவாட்டில் அதிகம் புரளுகிறது, சிறு ஜல்லியில் குறைகிறது என்று 2005-ல் அமெரிக்காவில் அளந்தே காட்டினார்கள். ரயிலுக்கு ஒரு தரை, மனிதனுக்கு ஒரு தரை. ஓரப் பாதையிலாவது சிறு ஜல்லி பரப்பலாமே!

நகர நடைபாதைக்கும் இதுவே நியாயம். அகலம் குறைந்தது 1.8 மீட்டர் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வகுத்தது. நடைபாதை மக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. ஆனால் கல் பதித்தவர் நீளம், அகலம் அளந்து பில் போடுகிறார். அதன் மேல் ஒரு கிழவி நடக்க முடிகிறதா என்று யார் அளக்கிறார்கள்? இறுதிப் பில் கொடுக்கும் முன் ஒரு தடவை, மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை, முதியவர்களை நடக்கவிட்டு அளக்க வேண்டும். ஆடும் கல்லுக்குப் பணம் கிடையாது என்று சொல்ல வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நல்ல தரையில் பத்து மீட்டர் அளந்து கோடு போடுங்கள். வீட்டுப் பெரியவரை நடக்கச் சொல்லி, எத்தனை எட்டு, எத்தனை விநாடி என்று குறியுங்கள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு தெருவின் மோசமான நடைபாதையிலும் பாருங்கள். இரண்டு கணக்கையும் எழுதி வார்டு அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். புலம்பலைத் தள்ளிவிடலாம், கணக்கைத் தள்ளுவது கடினம்.

இனி யாராவது விழுந்தால், "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கேட்க வேண்டாம். "எந்த இடத்தில் விழுந்தீர்கள்?" என்று கேட்போம்.