இரண்டாவது சந்தை எங்கே?

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, கோவை, மதுரை மாநகரங்களில் ஞாயிறு தொடங்கி நான்கு நாட்களுக்கு முழு ஊரடங்கு என்று அரசு அறிவித்தது. மறுநாளே சென்னையின் கோயம்பேடு மொத்தச் சந்தையில் மக்கள் முண்டியடித்தார்கள். மே 5-ம் தேதி சந்தை மூடப்பட்டது. அதற்குள் ஊர் திரும்பிய சுமைதூக்கும் தொழிலாளர்களோடும் லாரிகளோடும் கொரோனா தொற்று கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை போய்விட்டது. கோயம்பேட்டோடு தொடர்புடைய தொற்றாளர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள்.

அன்று பழியெல்லாம் வியாபாரிகள் தலையில் விழுந்தது. தற்காலிகமாக வேறிடம் போகச் சொன்னபோது அவர்கள் மறுத்தது உண்மைதான். ஆனால், கொள்ளைநோய்க்கு நடுவில், தண்ணீரும் கூரையும் கழிவறையும் சரியாக இல்லாத இடத்துக்கு, அழுகும் சரக்கோடு போகச் சொன்னால் யார்தான் தயங்க மாட்டார்கள்? பழைய கோத்தவால்சாவடி சந்தையின் நெரிசலைத் தீர்க்க 1996-ல் கோயம்பேட்டைத் திறந்தோம். அதன் பிறகு நகரம் நாலா பக்கமும் வளர்ந்தது. நாசிக் வெங்காயம், நீலகிரி கேரட், ஆந்திரத் தக்காளி என்று மொத்த வரத்தில் பெரும்பகுதி அந்த ஒரே வளாகத்தில்தான் இன்னமும் இறங்குகிறது.

மூடிய பிறகு காய்கறிக் கடைகள் திருமழிசைக்குப் போயின. ஏறக்குறைய இருநூறு மொத்தக் கடைகளுக்கு மட்டுமே அங்கே இடம் கிடைத்தது. மழை பெய்தபோதெல்லாம் சேற்றில் மூட்டை இறக்கினார்கள். தள்ளுவண்டிக்காரரும் கூடை சுமந்து விற்கும் பெண்ணும் நகருக்கு வெளியே அவ்வளவு தூரம் போய்ச் சரக்கெடுத்தால் வண்டி வாடகைக்கே லாபம் சரியாகிவிடும். செப்டம்பர் 28-ல் கோயம்பேடு மறுபடி திறக்கும்வரை, ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைய, இந்த நிலைதான்.

ஒரே சந்தை இருந்தால்தான் போட்டியில் நியாயமான விலை கிடைக்கும், பிரித்தால் சரக்கும் சிதறும் விலையும் ஏறும் என்று வியாபாரிகள் வாதிடுகிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. கோயம்பேட்டைக் கலைக்கச் சொல்லவில்லை. வடக்கே மாதவரம் பக்கமும் தெற்கே ஜிஎஸ்டி சாலை ஓரமும் இரண்டு துணை மொத்தச் சந்தைகள் வேண்டும். அவை அன்றாடம் இயங்க வேண்டும். நெருக்கடி வந்த பிறகு திறக்கும் திடலுக்கு லாரிக்காரருக்கு வழி தெரியாது, வாங்குபவருக்கு மண்டிக்காரரைத் தெரியாது, கடன் கணக்கும் அங்கே இருக்காது. தினமும் நாலில் ஒரு பங்கு லோடு இறங்கிப் பழகிய சந்தைதான் ஆபத்துக் காலத்தில் முழுச் சுமையையும் தாங்கும்.

இதைவிட அவசரமானது தொழிலாளர் பதிவு. மூட்டை தூக்குபவர் யார், எந்த ஊர், எங்கே தங்குகிறார் என்ற பட்டியல் கையில் இருந்திருந்தால், சந்தையை மூடிய அன்றே அவர்களைத் தேடிப்பிடித்துப் பரிசோதனை செய்திருக்கலாம். கூலியும் கொடுத்து இங்கேயே தங்கவைத்திருக்கலாம். சோற்றுக்கு வழியில்லாமல்தான் பலர் கிடைத்த லாரியில் ஏறினார்கள். சந்தை மூடும் நாட்களில் அவர்களுக்குப் பிழைப்பூதியம் உண்டு என்பதைச் சட்டத்தில் எழுத வேண்டும்.

துணைச் சந்தைகளுக்கான நிலத்தையும் நிதியையும் வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு ஒதுக்க வேண்டும். தொழிலாளர் பதிவுக்கு அதுவரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. சந்தை நிர்வாகக் குழு அதை நாளைக்கே தொடங்கலாம்.