விடையளித்தலும் மருத்துவம் பார்த்தலும்

கூகுள் நிறுவனம் 2022இன் இறுதியில் அறிவித்த மெட்-பாம் என்னும் மொழி மாதிரி, அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வை ஒத்த வினாக்களுள் 67.6 விழுக்காட்டிற்குச் சரியாக விடையளித்தது. அடுத்த ஆண்டே அதன் மேம்பட்ட வடிவம் 86.5 விழுக்காட்டை எட்டியது. இவ்வளர்ச்சி வியப்பிற்குரியது. ஆயினும், விடையளிப்பது வேறு. மருத்துவம் பார்ப்பது வேறு.

தேர்வு வினாவில் நோய்க்குறிகள் தொகுத்துத் தரப்பட்டிருக்கும். நோயாளியோ, "நெஞ்சு என்னவோ செய்கிறது" என்று மட்டுமே சொல்வார். எஞ்சியவற்றை முகவாட்டத்தாலும் நாடித்துடிப்பாலும் மூச்சின் ஒலியாலும் மருத்துவரே கண்டறிதல் வேண்டும். மொழி மாதிரி, முன்வந்த சொற்களைக் கொண்டு அடுத்து வரத்தக்க சொல்லைக் கணிக்கிறது. ஆகவே, உண்மையைக் கூறும் அதே உறுதியுடன் பிழையையும் கூறக்கூடும்.

அதற்காக அதனை ஒதுக்க வேண்டுவதில்லை. மருத்துவரும் நோயாளியும் உரையாடுவதைக் கேட்டுக் குறிப்பெழுதவும், ஆய்வக அறிக்கையை எளிய நடையில் விளக்கவும் அது துணைசெய்கிறது. அவ்வாறு மிஞ்சும் நேரம் நோயாளியின் முகம் பார்த்துப் பேசுவதற்குப் பயன்படுதல் வேண்டும். அவரை விரைந்து அனுப்புவதற்கு அன்று. அக்குறிப்பைச் சரிபார்த்துக் கையொப்பமிடுபவர் மருத்துவர். பிழை நேரின் பொறுப்பேற்க வேண்டியவரும் அவரே. பொறுப்பேற்க இயலாத கருவியிடம் முடிவெடுக்கும் உரிமையை ஒப்படைத்தல் தகாது. நாளை மருத்துவம் பயிலவிருக்கும் மாணவர் இதனை இன்றே உணர்தல் நன்று.