வலிப்பை மறைத்துக் கலியாணம் செய்யாதீர்கள்!

"பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று சொன்னால் யார் கட்டிக்கொள்வார்கள்? தாலி ஏறும்வரை மூச்சு விடாதே!"

இப்படிச் சொல்லி முடிக்கும் கலியாணங்கள் நம் நாட்டில் ஏராளம். பிறகு என்ன ஆகிறது?

புகுந்த வீட்டில் அந்தப் பெண் மாத்திரை சாப்பிடப் பயப்படுகிறாள். "எதற்கு இந்த மாத்திரை?" என்று மாமியார் கேட்டால் என்ன சொல்வாள்? ஒரு நாள் விடுகிறாள். மறுநாளும் விடுகிறாள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பி வரும். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நோயைவிட, நோயை மறைப்பதுதான் அவளுக்குப் பெரிய பகை!

பேயும் அல்ல, சாபமும் அல்ல

மூளையில் ஓடும் மின்சாரம் சிறிது நேரம் தாறுமாறாவதே வலிப்பு. அது தொற்று நோய் அல்ல. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. ஒழுங்காக வைத்தியம் செய்தால் 100க்கு 70 பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

சட்டம் மாறிவிட்டது

அடிக்கடி வலிப்பு வருகிறவரின் கலியாணத்தைக் கோர்ட்டு ரத்து செய்ய இந்து திருமணச் சட்டம் ஒரு காலத்தில் இடம் கொடுத்தது. 1999ஆம் வருஷம் பார்லிமெண்டு அதை நீக்கிவிட்டது. சட்டம் மாறிய பிறகும் நம் மனம் மாற வேண்டாமா?

ஆய்க்குடியைப் பாருங்கள்

தென்காசிக்கு அருகே உள்ளது ஆய்க்குடி. அவ்வூரைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரி தேர்வில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயல் இழந்தார். அவர் மூலையில் முடங்கவில்லை. 1981ல் 'அமர் சேவா சங்க'த்தைத் தொடங்கினார். 2020ஆம் வருஷத்துப் பத்மஸ்ரீ பட்டியலில் அவர் பெயர் இடம் பெற்றது.

மூளை பாதித்த குழந்தைகள் பலருக்கு வலிப்பும் வரும். அப்படிப்பட்ட குழந்தைகளின் வீடு தேடிப் போய், தாய்மாருக்குப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள் இந்தச் சங்கத்தார். உள்ளறையில் ஒளித்து வைத்த குழந்தை வெளிச்சத்துக்கு வந்தால்தான் உதவியும் வரும். வலிப்பு உள்ள பெண்ணுக்கும் இதே நியாயம்தான்.

தெரிந்தவர்தான் காப்பாற்றுவார்

வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு மெத்தென்று துணி வையுங்கள். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108க்குப் போன் செய்யுங்கள். குற்றால அருவியோ, ஊர்க் கிணறோ, தனியாகக் குளிக்க விடாதீர்கள். கணவனுக்கும் மாமியாருக்கும் விஷயமே தெரியாவிட்டால் இதையெல்லாம் யார் செய்வது?

பெற்றோர்களே! சம்பந்தம் பேசும்போதே உண்மையைச் சொல்லுங்கள். மாப்பிள்ளையையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். குழந்தை பெறலாமா, எந்த மாத்திரை நல்லது என்று அவர் விளக்குவார். கர்ப்பம் தரிக்கும் முன்பே இதைக் கேட்பது அவசியம். பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உண்மையைக் கேட்டு ஓடுகிற மாப்பிள்ளை ஓடட்டும். கேட்ட பிறகும் கைப்பிடிக்கிறவனே, மாத்திரை வேளையை நினைவூட்டும் கணவனாக இருப்பான்!